பூஜைக்கு அணைத்த கணினி

நாள் 1127 — 07:50

காற்று இயந்திரம்: சரி. கரியமில வாயு: 0.4 விழுக்காடு. மின்கலம்: 91. முதன்மைக் கணினி நிற்காமல் ஓடிய நாட்கள்: 1,126. துணைக் கணினியும் அவ்வளவே. வெளியே குளிர்: கழித்தல் 171 டிகிரி.

பதிவு எழுதுபவர்: ஜெசிந்தா ஞானமுத்து, கணினிப் பராமரிப்பு. துளையிடுபவர்: இசக்கியப்பன். பதினான்கு மாதமாக இங்கே இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். நிலையம் என்று சொல்வது பெரிய பேச்சு. நிலவின் தென்முனையில், வெயிலே விழாத ஒரு பள்ளத்தின் விளிம்பில், ஓர் அறை, ஒரு கழிப்பறை, ஊர்தி வந்து ஒட்டிக்கொள்ள ஒரு வாசல். பனிக்கட்டி எடுப்பது வேலை. அடுத்த கப்பல் நாள் 1135, 15:00 மணிக்கு.

இந்தப் பதிவேட்டை நிலையக் கணினியில் எழுதாமல் என் சொந்தக் கணினியில் எழுதுகிறேன். பள்ளியில் பாடம் நடத்திய காலத்துப் பெட்டி. அதன் விசிறி மாவு அரைக்கும் கிரைண்டர் போலச் சத்தம் போடும். இசக்கி அதைக் கேலி செய்யாத நாள் இல்லை.

இன்று ஆயுதபூஜை.

நாள் 1127 — 08:35

இசக்கி வாசலில் நிற்கும் ஊர்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வானொலியில் பேசியது:

"டீச்சர், ரெண்டு கம்ப்யூட்டரையும் அணைச்சிருங்க. அர மணி நேரம் போதும்."

"ரெண்டையுமா? ஒண்ணாவது ஓடட்டும் இசக்கி. காத்து மிஷின் அதுலதான இருக்கு."

"ஒண்ணு ஓடி ஒண்ணு தூங்குனா அதுக்குப் பேரு ஓய்வு இல்ல டீச்சர், ஷிப்ட்டு. எங்க ஒர்க்‌ஷாப்புல லேத்துக்கே அன்னைக்கு லீவு. இது மூணு வருசமா கண்ணு மூடாத ஜீவன். பாவம்லா."

"விதிப் புத்தகத்துல அப்படி இல்லையே."

"விதிப் புத்தகத்துக்கும் ஒரு பொட்டு வச்சிருவோம்."

சிரித்துவிட்டேன். அரை மணி நேரம் காற்று இயந்திரம் நின்றால் ஒன்றும் ஆகாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்களுடையது ஞாயிறு தவறாமல் மாதா கோவிலுக்குப் போகிற குடும்பம். ஆனாலும் எங்கள் பள்ளிக் கணினி அறையில் இருபத்தெட்டு வருடம் ஆயுதபூஜை நடந்திருக்கிறது. எல்லா இயந்திரத்தையும் அணைத்து, துடைத்து, பொட்டு வைத்து, பிள்ளைகளுக்குப் பொரி கொடுப்போம். மறுநாள் போட்டால் ஓடும். ஓடாமல் இருந்ததே இல்லை.

08:52-க்கு இரண்டையும் அணைத்தேன். என் விரலால்.

நாள் 1127 — 10:20

பூஜை முடிந்தது. இசக்கி இரண்டு கணினிகளையும் ஸ்பிரிட் போட்டு முன்னும் பின்னும் பளபளவென்று துடைத்து, சந்தனம் பூசி, குங்குமம் வைத்தார். கற்பூரத்துக்கு அனுமதி இல்லை. டார்ச் விளக்கைச் சுற்றினோம். ஊர்திச் சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம் இல்லை. வைட்டமின் சி மாத்திரை ஒன்றை வைத்து நசுக்கிவிட்டு, துளையிடும் இடத்துக்குப் புறப்பட்டுப் போனார். 58 கிலோமீட்டர்.

பேச்சில் நேரம் போய்விட்டது. அரை மணி நேரம் ஒன்றரை மணி நேரமாகிவிட்டது. இப்போது கணினிகளைப் போடப்போகிறேன்.

நாள் 1127 — 10:31

முதன்மைக் கணினி, திரையில்: "கையொப்பம் செல்லாது. தொடக்கம் மறுக்கப்பட்டது."

துணைக் கணினி: அதே வரி.

மூன்று முறை அணைத்துப் போட்டேன். அதே வரி.

நாள் 1127 — 11:40

பிழைத் திரையின் விவரப் பக்கத்தைப் படித்ததில் காரணம் தெரிந்துவிட்டது. இதை யார் படிக்கிறீர்களோ, உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன்.

கணினிக்கு மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது அதன் பலகையில் பதிந்திருக்கும் ஒரு சின்ன நிரல். ஃபர்ம்வேர் என்பார்கள். அதுதான் வட்டிலிருக்கும் பெரிய நிரலை எழுப்பிவிடும். எழுப்புமுன் அதன் கையொப்பத்தைப் பார்க்கும். இந்தச் சோதனைக்குப் பெயர் செக்யூர் பூட்.

தேர்வு அறை வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். கண்காணிப்பாளர் நுழைவுச் சீட்டைப் பார்க்கிறார். அவர் கையில் இரண்டு தாள். ஒன்றில் உள்ளே விடலாம் என்ற முத்திரைகள். இன்னொன்றில் விடக்கூடாதவர்கள் பெயர்கள். இரண்டாவது தாளில் பெயர் இருந்தால், முதல் தாளில் இருந்தாலும் பயனில்லை.

ஏழு மாதத்துக்கு முன் எங்கள் நிறுவனத்தை வளைகோள் என்ற நிறுவனம் வாங்கியது. வாங்கியவர்கள் பூமியிலிருந்து புதிய தடைத் தாளை அனுப்பியிருக்கிறார்கள். அதில் பழைய நிறுவனத்தின் கையொப்பம் இருக்கிறது. எங்கள் இரண்டு கணினியும் அந்தக் கையொப்பத்தில்தான் எழும். தாள் வந்த அன்றே பலகையில் எழுதப்பட்டுவிட்டது. ஆனால் கண்காணிப்பாளர் வாசலில் மட்டும்தான் கேட்பார். உள்ளே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பவனை எழுப்பிச் சீட்டைக் கேட்பதில்லை. ஏழு மாதமாக நாங்கள் உள்ளே உட்கார்ந்திருந்தோம்.

இன்று நானே எழுந்து வெளியே போய்விட்டு, திரும்பி வந்து கதவைத் தட்டுகிறேன்.

நாள் 1127 — 12:30

காற்று இயந்திரத்தில் பொத்தான் கிடையாது. நிலையக் கணினி சொன்னால் மட்டும் ஓடும். என் பழைய பெட்டி சொன்னால் கேட்காது.

இங்கே ஆக்சிஜன் தீர்ந்து யாரும் சாவதில்லை. நாம் விடும் மூச்சே அறையில் சேர்ந்து நம்மைக் கொல்லும். அதை உறிஞ்ச ஒன்பது வடிகலன்கள் இருக்கின்றன. ஒன்று ஒருவருக்குப் பத்து மணி நேரம். அதன் பிறகு வெறும் அறைக் காற்று, முப்பது மணி நேரம்.

இசக்கியின் ஊர்தியில் தனிக் காற்று இருக்கிறது. அவர் உள்ளே வந்தால் என் பங்கைக் குடிப்பார். வெளியிலேயே இருக்கச் சொன்னேன். வாசலுக்கு ஒரு கைப்பிடி உண்டு, உள்ளிருந்து மட்டும் சுற்றலாம்.

பூமிக்குப் பேசப்போகிறேன்.

நாள் 1128 — 09:15

ஆன்டெனாவின் வானொலி தனி மின்கலத்தில் ஓடுவதால் பேச முடிகிறது. நேற்று முழுதும் கிடைக்காத வளைகோள் உதவி மேசை இப்போதுதான் கிடைத்தது. பெயர் பிரணவ்.

"மேம், ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?"

"அதனாலதான் தம்பி இந்த நிலைமை."

"ஓகே மேம். உங்க ஸ்டேஷன் எங்க லிஸ்ட்ல ஆள் இல்லாததுன்னு காட்டுது."

"அப்போ உங்ககிட்ட பேசுறது யாரு?"

"அதத்தான் மேம் வெரிஃபை பண்ணணும். ஸ்டேஷன் கம்ப்யூட்டர்ல லாகின் பண்ணீங்கன்னா ஒரு கோடு வரும். அதச் சொல்லுங்க."

"அந்தக் கம்ப்யூட்டர்தான் எந்திரிக்கலன்னு சொல்றேன்."

"புரியுது மேம். கோடு இல்லாம டிக்கெட் ஓப்பன் பண்ண முடியாது."

"இங்க ரெண்டு உயிர் இருக்கு."

"உங்க ஃபீலிங்ஸ் புரியுது மேம். லைன்லயே இருங்க."

நாற்பது நிமிடம் வயலின் வாசித்தது. பிறகு இணைப்பு போய்விட்டது.

நாள் 1128 — 16:00

நான்காவது அழைப்பு. வேறொரு பெண். அதே கேள்விகள், அதே வரிசையில். நான் கத்தினேன். வகுப்பில் ஒருநாளும் அப்படிக் கத்தியதில்லை. அவள் குரல் மாறவே இல்லை. "வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்டு முடித்துக்கொண்டாள்.

மூன்றாவது வடிகலன் தீரப்போகிறது.

நாள் 1129 — 10:05

பிரணவே திரும்பக் கூப்பிட்டான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மேம், சூப்பர்வைசருக்குத் தெரியாம தரேன். ஃபர்ம்வேர் பாஸ்வேர்டு. எழுதிக்கோங்க. நான் சொன்னேன்னு எங்கயும் சொல்லாதீங்க."

சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள் தம்பி. இந்த மூன்று நாளில் எங்களை மனிதர்களாக நினைத்தது நீ ஒருவன்தான்.

நாள் 1129 — 11:50

அமைப்புத் திரை திறந்தது. முதலில் ஒரு தவறு செய்தேன். என் மாணவர்கள் பலர் செய்த அதே தவறு. "பழைய முறை" என்ற வசதியைப் போட்டேன். பழைய முறையில் கையொப்பச் சோதனையே கிடையாது. அது தாராளம் என்று நினைத்தேன். திரையில்: "தொடக்க வட்டு இல்லை."

இல்லாமல் எங்கே போகும்? பழைய முறைக்கு வட்டின் முதல் பக்கத்தை மட்டும்தான் தெரியும். அதைத் திறந்து, என்ன எழுதியிருக்கிறதோ அதை வாசிக்கும். கேள்வி கேட்காது. என் சொந்தப் பெட்டி அப்படித்தான் எழுகிறது. புதிய முறையில் நிரல் முதல் பக்கத்தில் இருக்காது. தனி அலமாரியில், தனிக் கோப்பாக இருக்கும். புதிய முறையில் அடுக்கிய வட்டைப் பழைய முறையிடம் கொடுத்தால் அதற்கு அது வெற்றுத் தாள்.

திரும்ப யூஇஎஃப்ஐ என்ற அந்தப் புதிய முறைக்கே மாற்றி, செக்யூர் பூட்டை மட்டும் அணைத்தேன். நிரல் எழுந்தது! விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது!

பிறகு திரை: "இயந்திரத்தின் பாதுகாப்பு நிலை மாறியுள்ளது. வட்டு பூட்டப்பட்டது. 48 இலக்க மீட்பு எண்ணை உள்ளிடவும்."

நாள் 1129 — 13:30

வங்கிப் பெட்டகத்துக்குச் சாவி மட்டும் போதாது. வழக்கமான காவலாளி, வழக்கமான உடையில், வழக்கமான இடத்தில் நிற்க வேண்டும். செக்யூர் பூட் என்ற காவலாளியை நான் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். பெட்டகம் அதைப் பார்த்துவிட்டது.

மீட்பு எண் எங்கே என்று பிரணவிடம் கேட்டேன். பழைய நிறுவனத்தின் கோப்புகள் அவர்களுக்கு மாற்றப்படவில்லையாம். "வழக்கமா கம்ப்யூட்டர் பின்னாடி ஒரு ஸ்டிக்கர்ல எழுதி ஒட்டியிருப்பாங்க மேம்."

திருப்பிப் பார்த்தேன். பளபளவென்று இருக்கிறது. நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

நாள் 1129 — 13:45

"இசக்கி, கணினிக்குப் பின்னால ஒரு ஸ்டிக்கர் இருந்துச்சா?"

"இருந்துச்சு. ஓரம் பிஞ்சு, அழுக்காக் கெடந்துச்சு. ஸ்பிரிட்டு போட்டு எடுத்துட்டேன். நல்ல எடம்னு அதுலதான் பொட்டு வச்சேன்."

"அதுல நம்பர் எழுதியிருந்துச்சா?"

"என்னமோ எழுதியிருந்துச்சு. நான் படிக்கலியே. ஏன் டீச்சர்?"

"அறிவிருக்காய்யா உனக்கு? எழுதியிருந்தா படிக்கத் தெரியாதா? துடைக்க மட்டும்தான் தெரியுமா?"

பதினான்கு மாதத்தில் முதன்முறை அவரை ஒருமையில் பேசினேன்.

"நல்லாருக்கு டீச்சர். தொடச்சவன் முட்டாளு. அணைச்சவங்க யாரு? நாங் கேட்டேன். கேக்கத்தான செஞ்சேன்? பட்டனத் தொட்டது நீங்க. நான் எட்டாங்கிளாசு. நீங்கதான ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் பாடம் எடுத்தவிய?"

"எடுத்தேன். உன்னை மாதிரி ஆள்கிட்ட மாட்டுவேன்னு தெரியாம எடுத்தேன்."

"போட்டும். செத்தா ரெண்டு பேருந்தான் சாவோம். எந் தலையில மட்டும் கட்டாதிய."

வானொலியை நான்தான் அணைத்தேன்.

நாள் 1130 — 08:20

வடிகலன் ஆறு தீர்ந்தது. ஏழாவது போய்க்கொண்டிருக்கிறது. வானொலியைப் போட்டதும் இசக்கிதான் முதலில் பேசினார்.

"டீச்சர், கோவம் அப்புறம். ஒரு விசயம். தொடைக்கதுக்கு முன்னால ஒரு போட்டோ எடுத்தேன். எம் பொண்டாட்டி சொர்ணத்துக்கு அனுப்ப. எவ்வளவு அழுக்க எடுத்தேன்னு காட்டணும்லா, முன்ன ஒண்ணு, பின்ன ஒண்ணு. முன்ன எடுத்ததுல ஸ்டிக்கரு இருக்கு. எம் பெருவெரலும் இருக்கு."

படம் என் பெட்டிக்கு வந்தது. எட்டுக் கட்டம், கட்டத்துக்கு ஆறு இலக்கம். முதன்மைக் கணினியின் எண் மட்டும். துணைக் கணினியுடையது படத்தில் இல்லை. போகட்டும், ஒன்று போதும்.

மூன்று கட்டங்கள் முழுதாகத் தெரிகின்றன. நான்கு கட்டங்களில் ஒவ்வோர் இலக்கம் விளக்கு வெளிச்சத்தில் வெளுத்திருக்கிறது. ஒரு கட்டத்தில் இரண்டு இலக்கங்களை அந்தப் பெருவிரல் மறைக்கிறது.

நாள் 1130 — 10:40

இந்த எண்ணில் ஒரு நல்ல குணம். எழுதும்போது பிழை வந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு கட்டமும் பதினொன்றால் மீதமின்றி வகுபடும்படி அமைத்திருக்கிறார்கள். பதினொன்றின் விதி ஆறாம் வகுப்புப் பாடம்: ஒன்றுவிட்டு ஒன்று கூட்டு, இரண்டு கூட்டுத்தொகையும் சமமாகவோ பதினொன்று வித்தியாசமாகவோ இருக்க வேண்டும்.

ஒரு கட்டம்: 4, 1, 7, தெரியாதது, 2, 6. நான்கும் ஏழும் இரண்டும் பதின்மூன்று. ஒன்றும் ஆறும் ஏழு. இன்னும் ஆறு வேண்டும். தெரியாதது ஆறு.

நான்கு கட்டங்களும் இப்படியே விழுந்தன.

பெருவிரல் கட்டம்: 3, விரல், 0, விரல், 5, 8. மறைந்த இரண்டும் கூடினால் பூச்சியம் அல்லது பதினொன்று. மொத்தம் ஒன்பது வழி. ஒவ்வொன்றாக முயல வேண்டும். தவறினால் திரை ஒரு மணி நேரம் முகம் கொடுக்காது என்று எழுதியிருக்கிறது.

முதல் முயற்சி. தவறு. ஒரு மணி நேரம் அல்ல, நான்கு. திரை பொய் சொல்கிறது, அல்லது யாரோ அதை மாற்றியிருக்கிறார்கள்.

நாள் 1131 — 07:10

ஐந்து முயற்சி முடிந்தது. வடிகலன்கள் 04:30-க்கே தீர்ந்துவிட்டன. அறைக் காற்றில் இருக்கிறேன். தலை கனக்கிறது. எழுதிய எண்ணை மூன்று முறை சரிபார்க்கிறேன். மூன்று முறையும் வேறாகத் தெரிகிறது.

இந்த இயந்திரத்தை வெறுக்கிறேன். என்னைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அது என்னைக் கொல்ல நினைக்கவும் இல்லை. பட்டியலைப் பார்க்கிறது, இல்லை என்கிறது. அவ்வளவுதான். நானும் எத்தனையோ பிள்ளைகளைத் தாமதமாக வந்தாய் என்று வாசலில் நிறுத்தியிருக்கிறேன். பட்டியல் பேசும்போது மனிதர் பேசாமல் இருப்பது எவ்வளவு சௌகரியம் என்று எனக்குத் தெரியும்.

நாள் 1131 — 10:50

ஆறாவது. தவறு. இசக்கி வாசலருகே வந்து நிற்கிறார். அவர் ஊர்தியிலும் இன்னும் பதின்மூன்று மணி நேரம்தான்.

"டீச்சர், தூங்கிராதிய."

"தூங்கல."

"ஏதாவது பேசுங்க. திட்டக்கூடச் செய்யுங்க."

"உன் பெருவிரல் ஏன்யா இவ்வளவு பெருசு?"

"எங்க அப்பனுக்கும் இப்படித்தான். ரேசன் கடையில கைநாட்டு வச்சா பக்கத்து வீட்டுக் கட்டத்துக்கும் சேத்து விழும்."

நாள் 1131 — 14:55

ஏழாவது முயற்சி. 370458.

திறந்தது.

காற்று இயந்திரம் ஓடுகிறது. விசிறிச் சத்தம். விசிறிச் சத்தம். விசிறிச் சத்தம்.

நாள் 1131 — 18:00

இசக்கி உள்ளே வந்தார். தரையில் உட்கார்ந்து அழுதார். நானும். பிறகு மிச்சமிருந்த பூஜைப் பொரியைத் தின்றோம்.

ஒரு விஷயம் உறுத்துகிறது. வட்டு திறந்ததும் திரையில் வந்த வரி: "இந்த மீட்பு எண் இனிச் செல்லாது. புதிய எண் நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டது." ஆகவே இன்னொரு முறை கதவைத் தட்டினால் இதே எண் உதவாது. பரவாயில்லை. உள்ளே வந்துவிட்டோம். ஓடும்வரை யாரும் கேட்கப்போவதில்லை. கப்பல் வரும்வரை அந்தப் பொத்தானின் பக்கமே யாரும் போகக்கூடாது. இசக்கி அதன்மேல் ஒரு டப்பாவைக் கவிழ்த்து நான்கு பக்கமும் டேப் ஒட்டிவிட்டார்.

நாள் 1132 — 11:00

காற்று: சரி. ஊர்தியில் காற்று நிரப்பியாயிற்று: 79 மணி நேரம். வடிகலன்கள்: இல்லை.

பூமியிலிருந்து எழுத்துச் செய்தி:

"அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் கோரிக்கை தீர்க்கப்பட்டது. உங்கள் இயந்திரத்தில் செக்யூர் பூட் அணைந்திருப்பதும் கடவுச்சொல் கசிந்திருப்பதும் கண்டறியப்பட்டு, இரண்டும் சரிசெய்யப்பட்டன. மாற்றங்கள் செயல்பட, உங்கள் கணினி இன்று 17:00 மணிக்குத் தானாக மறுதொடக்கம் ஆகும். எங்கள் சேவையை ஒன்று முதல் ஐந்துக்குள் மதிப்பிடுங்கள்."

நாள் 1132 — 12:20

பிரணவ் இல்லை. அவன் இப்போது அங்கே வேலை பார்க்கவில்லை என்றார்கள். காரணம் சொல்லவில்லை. காரணம் நான்தான்.

"மறுதொடக்கத்தை நிறுத்துங்க. அணைஞ்சா எந்திரிக்காது. நாங்க செத்துருவோம்."

"கவலைப்படாதீங்க மேடம், சாதாரண ரீஸ்டார்ட்தான். ரெண்டு நிமிஷத்துல வந்துடும்."

"வராது. பழைய கையொப்பம் உங்க தடைப் பட்டியல்ல இருக்கு."

"அது தனி டிபார்ட்மென்ட் மேடம். புது டிக்கெட் போடணும். ஸ்டேஷன் கம்ப்யூட்டர்ல வர்ற கோடு இருக்கா?"

இந்தமுறை கணினி ஓடுகிறது. கோடு இருந்தது. சொன்னேன். டிக்கெட் போட்டார்கள். பதில் வர இரண்டு வேலை நாட்களாம்.

நாள் 1132 — 14:30

உத்தரவை நீக்கப் பார்த்தேன். அதிகாரம் இல்லை என்கிறது. கடவுச்சொல்லும் மாற்றப்பட்டுவிட்டது.

இசக்கி ஒரு யோசனை சொன்னார். உத்தரவு மேலிருந்து வருகிறது. ஆன்டெனாக் கம்பியை வெட்டிவிட்டால்? கடைசி நிமிடத்தில் பூமியிடம் ஒப்புதல் கேட்கும் இயந்திரங்கள் உண்டு. கேட்க ஆள் இல்லாவிட்டால் நின்றுவிடலாம். "லாம்" தான். வேறு வழி எனக்குத் தோன்றவில்லை. ஊர்தியில் கம்பத்துக்குப் போயிருக்கிறார். மூன்று கிலோமீட்டர்.

நாள் 1132 — 16:10

"வெட்டிட்டேன் டீச்சர். பூமிக்கும் நமக்கும் இனிப் பேச்சு இல்ல."

திரையின் மூலையில் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஐம்பது நிமிடம். ஒப்புதல் கேட்கிற வகையா, இல்லையா?

நாள் 1132 — 16:58

டப்பா பொத்தானைக் காக்கிறது. பொத்தானை யாரும் தொடப்போவதில்லை.

நாள் 1132 — 17:00

விசிறி நின்றது.

நாள் 1132 — 17:02

"கையொப்பம் செல்லாது. தொடக்கம் மறுக்கப்பட்டது."

நாள் 1132 — 17:15

கணக்கு.

ஊர்தியில் இப்போது மிச்சமுள்ள காற்று ஒருவருக்கு 76 மணி நேரம். இந்த அறை ஒருவருக்கு 30. சேர்த்தால் 106. இரண்டு பேர் மூச்சுவிட்டால் 53 மணி நேரம்.

கப்பல் வர 70 மணி நேரம்.

ஊர்தியில் ஒருவர் மட்டும் என்றால் எழுபதைத் தாண்டலாம். ஆறு மணி நேரம் மிச்சமும் உண்டு.

நான்கு முறை போட்டுவிட்டேன். இந்த முறை தலை தெளிவாக இருக்கிறது. விடை மாறவில்லை. இதை இசக்கியிடம் சொன்னால் அவர் கணக்கே போடமாட்டார். கதவை உடைத்துக்கொண்டாவது வந்துவிடுவார்.

நாள் 1132 — 17:40

உரையாடல் முழுவதையும் எழுதுகிறேன். பிறகு யாரும் அவரைத் தவறாக நினைக்கக்கூடாது.

"டீச்சர், வாசல்ல ஒட்டிட்டேன். கதவு பேச மாட்டேங்கு. கம்ப்யூட்டரு என்னாச்சு?"

"நிக்கல. கம்பி வெட்டினது வேலை செஞ்சுருச்சு. வாசல் மோட்டார்தான் கெட்டுப்போச்சு."

"அப்ப கைப்பிடியச் சுத்துங்க."

"சுத்தினேன். அசையல."

"நல்லா அமுக்கிச் சுத்துங்க. சாப்பிடச் சொன்னா கேக்கியளா?"

"முடியல இசக்கி. நீங்க இறங்குதளத்துக்குப் போயிருங்க. கப்பல்ல ஆளுங்க வருவாங்க, அவங்களைக் கூட்டிட்டு வாங்க. எனக்கு இங்க காத்து இருக்கு."



"விசிறிச் சத்தம் கேக்கலியே டீச்சர்."

என் பழைய பெட்டியைத் தூக்கினேன். யாரையும் எதுவும் கேட்காமல் எழுந்து ஓடுகிற பெட்டி. அதன் விசிறியை ஒலிவாங்கியோடு ஒட்டிவைத்தேன்.

"இப்போ கேக்குதா?"

"ம். கேக்கு." மூச்சு விட்டார். "அப்போ தெறக்க மனசில்ல. அப்படித்தான?"

"என்ன?"

"அந்த ஸ்டிக்கரு. அன்னைக்குத் திட்டுனது பத்தலையோ? மூணு நாளு பூட்டுன எடத்துல தனியா நிக்கது எப்படின்னு நானும் பாக்கணும். அதான?"

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன்.

"ஆமா. அதான். உன்னால நான் சாகப் பார்த்தேன். உன் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கல. போ."

"இப்படி மனசுல வச்சுக்கிடுவியன்னு தெரியாமப் போச்சே டீச்சர். பொரிய ஒரே தட்டுல தின்னமே."

"போய்யா."

கதவில் மூன்று முறை ஓங்கிக் குத்தினார். பிறகு வாசல் பிடி விடும் அதிர்வு. பிறகு சக்கரங்கள், தரை வழியாகக் காலில் தெரிந்தது. பன்னிரண்டு கிலோமீட்டர் போக வேண்டும். போய்ச்சேர்ந்துவிடுவார்.

நாள் 1133 — 09:30

இறங்குதளத்திலிருந்து, ஊர்தியின் வானொலியில், ஒரே ஒரு செய்தி. "வந்துட்டேன். உயிரோட இருக்கேன். தகவலுக்கு." வேறு ஒன்றும் இல்லை. நல்லது. கோபமாக இருப்பவர் திரும்பி வரமாட்டார்.

காற்று கனம். கை எழுத்தைத் தேடுகிறது.

நாள் 1133 — 19

எழுதவேண்டியது மூன்று. ஒன்று, பிரணவ் என்ற பையனுக்கு வேலையைத் திருப்பிக் கொடுங்கள். இரண்டு, ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்துக்குத் தடைப் பட்டியல் அனுப்புமுன் அதை நம்பி யார் மூச்சுவிடுகிறார்கள் என்று கேளுங்கள். பட்டியலைக் கேட்காதீர்கள். ஆளைக் கேளுங்கள்.

மூன்று. இந்தப் பதிவேட்டை முதலில் திறக்கப்போவது இசக்கிதான். கடவுச்சொல் வைக்கவில்லை. போட்டாலே திறக்கும்.

இசக்கி, கதவின் கைப்பிடி நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு விரலால் சுற்றலாம். 17:15 பதிவில் கணக்கு இருக்கிறது. எட்டாம் வகுப்புக் கணக்குதான். நீங்களே போட்டுப் பாருங்கள். பிறகு திட்டுங்கள்

நாள் 1133 —

இரண்டு மணிக்கு ஒருமுறை வானொலியைத் திறந்து மூடுகிறார். பேசுவதில்லை. விசிறி ஓடுகிறதா என்று கேட்கிறார் போல. பெட்டியை ஒலிவாங்கியோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். மின்கலம் கப்பல் வரும்வரை தாங்கும்.

நான் தூங்கினாலும் அது ஓடும். இதை மட்டும் அணைக்க